மங்கலாகப் பதிந்த புறா

காலை 5.52. நான் முதலில் பார்த்தது விரித்துப் பிடித்த ஓர் இடது இறக்கை. அதன் அடிப்பக்கத்தில், உடம்பை ஒட்டிய சிறகுகளின் மேல், ஒரு ரப்பர் முத்திரை அழுந்தி எழுந்தது. ஊதா மை. முத்திரை வைத்தவர் மை காயும்வரை அதன் மேல் வாயால் ஊதினார். புறா அசையவில்லை. உடம்பு முழுக்க வெள்ளை, வால் மட்டும் கறுப்பு.

இடம் வடசென்னையில், காலடிப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை. நான்கு பேர் இருந்தோம். முத்திரை வைத்தவர் புறா கிளப் அனுப்பிய அம்பயர். ராயபுரத்துக்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். புறாவைப் பிடித்திருந்தவர் அதன் சொந்தக்காரர்; கன்டெய்னர் யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறார், இரவு ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்தார். மூன்றாவது அவர் மனைவி. நான்காவது, இரண்டு கேமராக்களோடு நான்.

இந்தப் போட்டியில் புறா ஊர்விட்டு ஊர் பறப்பதில்லை. தன் வீட்டு மாடியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பி, அந்த வட்டாரத்துக்கு மேலேயே சுற்றிவிட்டு, அதே மாடியில் இறங்க வேண்டும். அதிக நேரம் மேலே இருப்பது ஜெயிக்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீடு. மேலே போனால் புறா ஒரு புள்ளி. சில நேரம் புள்ளிகூட இல்லை. அதனால் ஒரு விதி: கடைசியாகக் கண்ணில் பட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அம்பயர் அதை மறுபடியும் பார்த்துவிட வேண்டும். பார்க்காவிட்டால் அன்றைக்கு அது அவுட்.

இப்படி ஒரு விதி இருந்தால் சந்தேகமும் கூடவே இருக்கும். போன வருஷம் இந்த வீட்டின் மேல் ஒரு புகார் வந்தது. ஏறியது ஒரு புறா, இறங்கியது அதே மாதிரி இன்னொன்று என்றார்கள். நிரூபிக்க முடியவில்லை. பொய் என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. எச்சரித்து விட்டார்கள். மறுபடி இப்படிப் புறாவை ஆள் மாற்றியது தெரிந்தால் கிளப்பிலிருந்து பெயர் நீக்கம். அதற்குப் பிறகு அவர் வளர்க்கும் எந்தப் புறாவும் எந்தப் போட்டியிலும் ஏற முடியாது. பதினாறு வருஷமாக வளர்க்கிறவர். இந்த வருஷம் முத்திரையோடு கேமராவும் வேண்டும் என்று அவரே கிளப்பில் எழுதிக் கொடுத்தார். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், பத்திரிகையில் படம் எடுக்கிறேன் என்பதால் என்னிடம் வந்தார்.

"யக்கா, பறக்கசொல்லோ றெக்கைக்கு அடில அந்த ஸ்டாம்பு தெரியணும். அவ்ளோதான். தெரிஞ்சா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

தெரியாவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

அம்பயருக்குக் கேமரா பிடிக்கவில்லை. தன் பிளாஸ்டிக் நாற்காலியை என்னிடமிருந்து பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"சர்ச்சுல காலைப் பூசைய வுட்டுட்டு வந்து குந்திக்கினு கீறேன். என் கண்ணு பத்தாதாம், பொட்டி வந்து பாக்குதாம்."

"சாயந்திரம் ஒரு பூசை கீதே, அம்பயர் சார்" என்றார் சொந்தக்காரர்.

"உன் புறா சாயந்திரம் வரைக்கும் நிக்கும்னு சொல்றியா? பார்ரா."

ஆறு மணிக்குப் புறா ஏறியது.

நான் கொண்டுபோனதில் ஒன்று அலுவலகம் புதிதாகக் கொடுத்த மிரர்லெஸ் கேமரா, நீள ஜூம் லென்ஸோடு. இன்னொன்று என்னுடையது: பழைய டிஜிட்டல் பாடி, அதில் முந்நூறு மில்லிமீட்டர் மேனுவல் லென்ஸ். அந்த லென்ஸில் ரிங்கைத் திருப்பினால்தான் ஃபோகஸ். அலுவலகத்தில் அதை அம்மிக்கல் என்பார்கள்.

புதிய கேமராவைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அது வேகமானது. வந்த முதல் வாரம் என் வீட்டு மாடியில் காக்கைகளை வைத்துப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியில் வந்து உட்காரும் காக்கையைப் பழைய லென்ஸில் பன்னிரண்டு முறை முயன்று மூன்று முறை பிடித்தேன். புதியதில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும்; ஒரு நொடிக்கு இருபது படம், இருபதும் கூர்மை. பறவையின் கண் எங்கே என்று அதுவே கண்டுபிடித்து, அங்கே ஒரு சின்ன வெள்ளைக் கட்டத்தைப் போட்டு, கூடவே ஓடுகிறது. எனக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு வேண்டாம்.

எனக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது அது தவறவிட்டதால் அல்ல. ஒருமுறை காசிமேட்டில், ஏலத்தில் வலை மீனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எடுத்தேன். கூட்டத்தில் அவர் எட்டடி தூரத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், அவருக்குப் பின்னால் நின்றவன் சட்டையில் அச்சடித்திருந்த நடிகர் முகத்தின் இடது கண் அவ்வளவு துல்லியமாக இருந்தது. அந்தப் பெண் லேசாகக் கலங்கி இருந்தார். வியூஃபைண்டரில் கட்டம் பச்சையாகி, எல்லாம் சரி என்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. இன்னொரு நாள் எண்ணூர் சாலையில் ஒரு டிரைலரின் முன்னால் மாட்டியிருந்த திருஷ்டிப் பொம்மையின் கண்ணை அது விடவே இல்லை. டிரைவர் மேலே உட்கார்ந்து எனக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

பழைய முறையில் நான் தவறு செய்யாமல் இல்லை. முதல் இரண்டு வருஷம் நான் கொண்டுவந்தது பெரும்பாலும் மங்கல். பிறகு வேலை செய்யும் விதம் ஒன்று பழகியது. நகர்கிற பொருளைத் துரத்தக் கூடாது. அது வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். துறைமுக வாசலில் நுழையும் விசைப்படகுக்கு, அலைதடுப்புக் கல்லில் ஒன்றைப் பார்த்து ரிங்கை நிறுத்துவேன். படகின் மூக்கு அந்தக் கல்லுக்கு நேராக வரும்போது அழுத்துவேன். என் முந்நூறில் ரிங் முடிவிலிக் குறியைத் தாண்டியும் கொஞ்சம் சுழலும். வெயில் ஏற ஏற சரியான இடம் நகரும். அதனால் அன்று காலை ஏழு மணிக்கே இரண்டு இடங்களைச் சரிபார்த்து, ரிங்கில் நகப்பாலிஷால் இரண்டு புள்ளி வைத்தேன். ஒன்று, வடக்கே தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கி கூர்மையாக இருக்கும் இடம். இன்னொன்று, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி. பத்து மணிக்கு மறுபடியும் பார்த்தேன். புகைபோக்கிப் புள்ளி ஒரு மயிரளவு இடம் மாறியிருந்தது.

சொந்தக்காரரின் மனைவி நகப்பாலிஷ் புட்டியைப் பார்த்துவிட்டு, "கேமராவுக்கும் மேக்கப்பா" என்றார். காலையில் இருந்து அவர் ஐந்து முறை மாடிக்கு வந்திருந்தார். கூண்டுகளைக் கழுவினார், தீனிக்குக் கம்பு பரப்பினார், ஒவ்வொரு முறையும் நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தார். ஷிப்ட் வேலைக்காரர் வீட்டில் புறாக்களை யார் வளர்க்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. கணவர் மேலே தேடிய திசையில் ஒருமுறைகூட அவர் தேடவில்லை. வேறு திசையில் பார்த்து அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

அம்பயரின் நோட்டில் இருந்த நேரங்களை நானும் குறித்துக்கொண்டேன். 6.40, 7.25, 8.11, 9.02, 9.48, 10.31. பெரும்பாலும் புள்ளிகள். கிழக்கே கடல் பக்கம் போய், ரயில் பாதைக்கு மேலே திரும்பி வந்தது. 7.25க்கும் 8.11க்கும் அது ஓரளவு இறங்கியபோது மிரர்லெஸ்ஸில் முத்திரை கிடைத்தது. இறக்கை மேலே தூக்கும் படங்களில் உடம்பை ஒட்டி ஒரு ஊதாக் கறை. அம்பயர் எழுந்து வந்து பார்த்தார். திரும்பிப் போனார். நாற்காலி மட்டும் ஐந்தடி கிட்டே வந்தது.

ஒன்பதரைக்கு ஐந்தாவது ஆள் வந்தார். விதிப்படி முன்னணியில் இருக்கிற வீட்டுக்காரர் மற்ற வீடுகளுக்கு வந்து பார்க்கலாம். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் பாய். இரண்டு வாரம் முன்பு அவர் புறா மேலே ஒன்பது மணி நேரம் இருபது நிமிடம் நின்றது. போன வருஷப் புகாரை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். மெட்ரோவில் வந்து இறங்கி, வெள்ளைச் சட்டையில் சுருக்கம் இல்லாமல் மாடி ஏறினார். சொந்தக்காரர் அவருக்கு நாற்காலி போட்டார். டீ வந்தது. இருவரும் ஒருவர் பிள்ளைகளை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

"எங்க நைனா உன் ஆளு?"

"மேல கீது, பாய்."

"மேல கீதுன்றது எனக்கும் தெரியும். எந்த மேலன்னுதான் கேக்குறேன்."

அம்பயர் சிரிக்கவில்லை. அவர் நோட்டைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்தார். 10.31க்குப் பிறகு புறாவைக் காணவில்லை.

பத்தே முக்கால். பதினொன்று. வானம் வெள்ளையாகிவிட்டது. அந்தப் பக்கம் மேகம் இல்லாமலே அப்படி ஆகும். கரித்தூளும் வெயிலும் சேர்ந்து. வெள்ளை வானத்தில் வெள்ளைப் புறா. மிரர்லெஸ்ஸை உயர்த்திப் பார்த்தேன். பிடிக்க ஒன்றும் இல்லாமல் லென்ஸ் உள்ளே போய் வெளியே வந்து திணறியது. பாய் மேலே பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சொந்தக்காரரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் செய்தேன். 11.12க்குச் சொந்தக்காரர் போனை எடுத்துப் பார்த்து, திரையைக் கீழ்ப்பக்கமாக மதில் மேல் கவிழ்த்து வைத்தார். அவர் மனைவி அப்போது மாடியில் இல்லை. இதை நான் குறித்துக்கொண்டேன். படம் எடுக்கவில்லை.

11.31 வரை அதைப் பார்க்காவிட்டால் எல்லாம் முடிந்தது.

11.22க்கு அம்பயர் கையைத் தூக்கினார். "தோ. கீது, தோ."

கிழக்கே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. மிரர்லெஸ்ஸை உயர்த்தினேன். முதலில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன். அது என் நினைவில் இருக்கிறது. அடுத்த கணம் சட்டகத்தின் நடுவே ஒரு வெள்ளைப் புறா, கறுப்பு வால், கண்ணில் பச்சைக் கட்டம். அழுத்திப் பிடித்தேன். இரண்டு நொடி இருக்கும். கட்டம் ஒருமுறைகூட நழுவவில்லை.

எனக்குப் பிடிக்காதது அதுதான். காலையிலிருந்து புள்ளியாக இருந்த ஒன்று அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு பெரிதாகாது. மிரர்லெஸ்ஸைக் கழுத்தில் விட்டுவிட்டு அம்மிக்கல்லை எடுத்தேன். ரிங்கைப் புகைபோக்கிப் புள்ளிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வைத்து, அதே திசையில் மேலே தேடினேன். நான்கு படம் எடுத்தேன். அதற்குள் கண்ணை எடுத்துப் பார்த்தபோது வானத்தில் ஒன்றும் இல்லை.

அம்பயர் 11.22 என்று எழுதினார். சொந்தக்காரர் மதிலில் உட்கார்ந்தார். பாய் எழுந்து என்னிடம் வந்தார்.

"அந்த வெள்ளப் புறா இவன்துதானான்னு கேமராவே சொல்லட்டும். அதுக்குத்தானே வந்திருக்கீங்க, மேடம்."

திரையில் முப்பத்தெட்டுப் படங்கள். முப்பத்தெட்டும் அப்படியே அறுத்து வைத்தது போல. அலகு, கண், காலில் ஒட்டியிருந்த எச்சம்கூடத் தெரிந்தது. இறக்கை தூக்கிய படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் இடது இறக்கையின் அடிப்பக்கம் சுத்த வெள்ளை.

பாய் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவசரப்படவில்லை. பிறகு கேமராவை என் கையிலேயே விட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ஸ்டாம்பு எங்க, நைனா? வேர்வைல அயிஞ்சி போச்சா?"

சொந்தக்காரர் வந்து பார்த்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். பயந்த முகமா, மாட்டிக்கொண்ட முகமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "யக்கா, இன்னா இது?" என்று மட்டும் கேட்டார்.

அம்பயர் நோட்டில் 11.22ஐ அடிக்கவில்லை, பேனாவை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். "நான் வெள்ளையா ஒண்ணப் பாத்தேன். அது எதுன்னு இது சொல்லணும். இது வேற சொல்லுது."

பத்திரிகையில் ஒரு பழக்கம் உண்டு. பிரச்சினை வந்தால் எடுத்த எல்லாவற்றையும், எடுத்த வரிசையிலேயே காட்ட வேண்டும். நல்லதை மட்டும் காட்டக் கூடாது. இன்னொரு கேமராவில் நான்கு படம் இருக்கிறது என்றேன். நானே அதுவரை பார்க்கவில்லை.

முதல் படத்தில் எல்லாமே மங்கல். இரண்டாவதில் ஓரத்தில் ஒரு பெரிய வெள்ளை மூட்டம், நடுவில் ஒரு சின்ன வெள்ளைத் தீற்றல். மூன்றாவதில் அந்தத் தீற்றல் புறாவாகியிருந்தது: சின்னது, தூரத்தில், இறக்கை மேலே, கறுப்பு வால், இடது இறக்கையின் அடியில் உடம்பை ஒட்டி ஒரு ஊதாக் கறை. படத்தைப் பெரிதாக்கினால் கறை எட்டுப் பத்துப் புள்ளிதான், எழுத்தெல்லாம் தெரியாது. ஆனால் இடம் அதே இடம். அதே படத்தின் கீழ் மூலையில் அந்தப் பெரிய மூட்டம் இன்னும் இருந்தது. மங்கல்தான், ஆனால் இறக்கையும் கறுப்பு வாலும் உள்ள மூட்டம். நான்காவதில் தூரத்துப் புறா மட்டும்.

அம்பயர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுத் திரையை மூக்கருகே பிடித்தார்.

"ரெண்டு கீது" என்றார்.

நடந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் மிரர்லெஸ்ஸில் முதலில் பார்த்த புள்ளி மேலே இருந்த புறா. கிட்டே இன்னொன்று குறுக்கே வந்ததும் கட்டம் பெரியதற்குத் தாவிவிட்டது. நான் அழுத்தும் முன்பே தாவிவிட்டது. கையால் ரிங்கைத் திருப்புகிறவள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனால், நடுவில் இரண்டு மூன்று படமாவது குழம்பியிருக்கும். அந்தக் குழப்பத்தைப் பார்த்தே இங்கே இடம் மாறினாள் என்று யாரும் சொல்லிவிடலாம். இதில் அந்த இடமே இல்லை. முப்பத்தெட்டுப் படத்தில் ஒரு மங்கல் இருந்திருந்தால், நானே பாயிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

இதை அவர்களிடம் சுருக்கமாகச் சொன்னேன். அம்பயர் தலையாட்டினார். 11.22க்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார். சொந்தக்காரர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பாய் மூன்றாவது படத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தோற்றவர் போலத் தெரியவில்லை.

"செரி. மேல கீறது இவன்து. ஒத்துக்கறேன். ஸ்டாம்பு கீது." விரலால் கீழ் மூலையைத் தொட்டார். "இந்தக் கலீஜா தெரியுதே, இது யாருது? வெள்ள, கறுப்பு வாலு. காலடிப்பேட்டைல இந்தக் கலரு எத்தினி வூட்ல கீது, நைனா?"

சொந்தக்காரர், "தெர்ல, பாய். எவனாவது வுட்டிருப்பான்" என்றார். மதில் மேல் கவிழ்ந்திருந்த போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

அம்பயர் பேனாவை மூடவில்லை. இந்தக் கேள்வியின் எடை அங்கே நான்கு பேருக்கும் தெரியும். கீழே அதே மாதிரி இன்னொரு புறாவைத் தயாராக வைத்திருந்தார், மேலே இருப்பது வராவிட்டால் இதை இறக்கிக் காட்ட நினைத்தார் என்று ஆகிவிட்டால், அது ஆள் மாற்றம். பெயர் நீக்கம். அவரைக் காப்பாற்றிய அதே படம் அதன் மூலையில் அவரை மாட்டிவிட்டிருந்தது.

"எவனும் வுடல" என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

அவர் மனைவி. கையில் டீ கிளாஸ்கள் வைத்த தட்டு. எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது.

"அது நம்மளுது. இதோட கூடப் பொறந்தது. நாந்தான் வுட்டேன், தங்கச்சி வூட்டு மாடிலேந்து."

அவரே தொடர்ந்தார். "பதினொண்ணே காலாச்சு. ஆளக் காணோம். அத்த மேல பறக்க வுட்டா இது கொஞ்சம் கீய வரும். எப்பவும் வரும். தெனம் அப்டித்தான் எறக்குறேன். உங்க கண்ணுல பட்டா போதும்னுதான் வுட்டேன். மாத்தறதுக்கு இல்ல. தோ, தங்கச்சி வூட்லயே குந்திக்கினு கீது, போய்ப் பாருங்க."

இரண்டு வீடு தள்ளி, தங்கை வீட்டு மாடியில், ஒரு தகரக் கூரையின் மேல் ஒரு வெள்ளைப் புறா நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது. கறுப்பு வால். அம்மிக்கல்லில் தண்ணீர்த் தொட்டிப் புள்ளிக்கு வந்து பார்த்தேன். காலில் எச்சம் ஒட்டியிருந்தது.

கூட்டாளிப் புறாவைக் காட்டி மேலே இருப்பதைக் கீழே இழுப்பது தப்பு. மாலை நான்கு மணிக்கு முன்னால் செய்யக் கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த விதி. அவருக்கும் தெரியும். தினமும் செய்கிற கைவேலை அன்றைக்கும் வந்துவிட்டது. அல்லது தெரிந்தே வந்தது. கணவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. போனில் 11.12க்கு என்ன வந்தது என்றும் கேட்கவில்லை.

பாய் டீயை எடுத்துக்கொண்டார். "போன வருஷமும் இதேதானாம்மா?"

"போன வருஷம் ஒண்ணுமே பண்ணல, பாய். அல்லாவுக்குப் பொதுவா சொல்லு, நீ எயுதிக் குடுத்தது நெசமா?"

"சந்தேகம்னுதான் எயுதினேன். நெசம்னு எயுதல."

"சந்தேகத்துக்கு ஒரு வருஷம் இவுரு தூங்கல."

பாய் டீயைக் குடித்தார். அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

அம்பயர் நேரம் எடுத்துக்கொண்டார். நோட்டில் நான்கு வரி எழுதினார். பிறகு அதைச் சத்தமாகப் படித்தார். ஆள் மாற்றவில்லை, முத்திரைப் புறா 11.22க்கு மேலே இருந்தது, படம் இருக்கிறது. வீட்டார் கூட்டாளிப் புறா விட்டார்கள், ஒத்துக்கொண்டார்கள், படமும் இருக்கிறது. அதனால் இன்றைக்கு இந்தப் புறா அவுட். பேர் கிளப்பில் இருக்கும். அடுத்த வருஷம் ஏறலாம்.

"கையெயுத்துப் போடு" என்றார். சொந்தக்காரர் போட்டார். சாட்சியாகப் பாய் போட்டார். பெட்டிக்காரி நீயும் போடு என்றார். நானும் போட்டேன்.

பாய் போகும்போது, அந்த இரண்டு புறா படத்தைத் தன் போனுக்கும் அனுப்பச் சொன்னார். எந்தப் படம் என்று கேட்டேன். கூர்மையாக இருக்கிற முப்பத்தெட்டும் வேண்டாம், மங்கலாக இருக்கிறதே, அது என்றார். அம்பயர் நாற்காலியை மடக்கிவிட்டு, மத்தியானப் பூசை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இறங்கினார். சொந்தக்காரர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் மனைவி கூண்டுகளை மூடினார். முத்திரைப் புறாவின் கூண்டை மட்டும் திறந்தே வைத்தார்.

எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு கேமராக்களையும் மாற்றி மாற்றி மேலே காட்டினேன். மிரர்லெஸ் வெள்ளை வானத்தில் எதையும் பிடிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு முறை பருந்தைப் பிடித்தது, ஒரு முறை பாலித்தீன் பையை. மேனுவல் லென்ஸை நகப்பாலிஷ் புள்ளியில் வைத்துவிட்டு வானத்தை அங்குலம் அங்குலமாகத் தடவினால், சில நேரம் ஒரு புள்ளி கிடைத்தது. அது இதுதானா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நோட்டு எழுத யாரும் இல்லை. என் பழக்கத்துக்கு நான் எழுதினேன்: 12.50, 1.37, 2.20, 3.41.

மாலை 4.47க்கு அது இறங்கியது, ஏறிப் பத்து மணி நேரம் நாற்பத்தேழு நிமிடம் கழித்து.